ஹெரால்டுக்குச் சாமான் தேடிய கதை

எங்கள் வீட்டுக் கொட்டகையில் 1969ஆம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று நிற்கிறது. அப்பா அதை 1981இல் பழைய வண்டியாகத்தான் வாங்கினார். பேரிக்காயும் பிளம்ஸும் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கியது, தங்கையைப் பிரசவத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்குக் கொண்டுபோனது, நான் கியர் போடக் கற்றுக்கொண்டது எல்லாம் இந்த வண்டியில்தான். அப்பா போனபிறகு பதினைந்து வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. 2018இல் மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே தார்ப்பாயை விலக்கினேன். உள்ளே எலிக்கூடு, ஒரு குளவிக்கூடு, அப்பாவின் மூக்குக்கண்ணாடி உறை ஒன்று.

"பேசாம காயலான் கடையில போட்டுட்டு அந்தக் காசுல ஒரு செகண்ட் ஹேண்ட் மாருதி வாங்கு" என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. இதுவரை இந்த வண்டிக்குச் செலவழித்த பணத்தில் இரண்டு மாருதி வாங்கியிருக்கலாம். ஆனாலும் நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதே சமயம், வழியில் ஒரு பெரிய தப்பும் செய்தேன். அந்தத் தப்பு உயிர்ப்பலி வாங்கியிருக்கும். இரண்டையும் சொன்னால்தான் என் கருத்து முழுதாகும்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். இளைய தலைமுறைக்கு அம்பாசிடர் தெரியும், பத்மினியைப் படத்திலாவது பார்த்திருப்பார்கள். ஹெரால்டு என்றால் விழிக்கிறார்கள். இத்தனைக்கும் இது நம் மெட்ராஸ் வண்டி. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில், 1960களின் தொடக்கத்திலிருந்து தயாரானது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் 1959இல் வந்த காரின் இந்தியப் பதிப்பு. உருவம் வரைந்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 948 சிசி எஞ்சின், சுமார் 35 குதிரைத்திறன். முன்பக்கம் பானட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே மூடியாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். எஞ்சின் முழுவதும் கண்முன்னே நிற்கும். முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இன்னொரு விசேஷம், 25 அடி வட்டத்துக்குள் இந்த வண்டி திரும்பிவிடும். நம் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் அம்பாசிடர்காரர் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டும்போது ஹெரால்டு ஆட்டுக்குட்டி மாதிரி திரும்பும். அப்பா இதை வாங்கியதற்கு அதுதான் காரணம் என்று சொல்வார்.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் ஹெரால்டு இரண்டு கதவு வண்டி. நம் ஊரில் குடும்பம் பெரிது, பாட்டியை முன்சீட்டை மடக்கி உள்ளே ஏற்ற முடியாது. அதனால் 1960களின் பிற்பகுதியில் மெட்ராஸ்காரர்கள் தாங்களாகவே நான்கு கதவு ஹெரால்டைச் செய்தார்கள். உலகத்தில் வேறெங்கும் அது தயாராகவில்லை. எங்கள் வீட்டு வண்டி அந்த வகை. ஆலையோ 1980களின் கடைசியில், ஸ்டாண்டர்டு 2000 என்ற கார் எடுபடாமல் போனபின், மூடிவிட்டது.

இதனால் ஒரு வினோதமான நிலைமை. எஞ்சின் சாமான், கியர் சாமான், முன்சக்கரச் சாமான் எல்லாம் ஐயாயிரம் மைல் தள்ளி இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கின்றன. அங்கே டிரையம்ப் வண்டிகளை வைத்துக்கொண்டு சீராட்டுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், சங்கம் வைத்திருக்கிறார்கள், அவர்களுக்காகவே உதிரிபாகம் தயாராகிறது. ஆனால் வண்டலூரில் தயாரான பின்கதவுக்கு ஒரு கைப்பிடி, ஒரு ரப்பர் பீடிங், ஒரு கண்ணாடி வேண்டுமென்றால் உலகத்தில் எங்கும் கிடையாது. அந்நியன் செய்தது கிடைக்கிறது, நாம் செய்தது கிடைக்கவில்லை. யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. அம்பாசிடர் 2014 வரை ஓடிய வண்டி, லட்சக்கணக்கில் விற்றது, அதனால் அதற்கு மூலைக்கு மூலை சாமான் உண்டு. ஹெரால்டைக் கவனிக்க யாருமில்லை.

சாமான் தேடி நான் அலைந்த அலைச்சலில் கற்றது நிறைய. சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு வாரம் சுற்றினேன். அங்கே உள்ளவர்களின் ஞாபகசக்தி அபாரம். கையில் கொண்டுபோன துண்டு இரும்பைப் பார்த்த உடனே, "இது கெஸல் வண்டி சாமான் சார், உங்களுக்கு ஆகாது" என்றார் ஒரு பெரியவர். கெஸல் என்பது ஹெரால்டுக்குப் பிறகு 1970களில் வந்த தம்பி வண்டி. அதன் பின் அச்சே வேறு. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும், நம் மெக்கானிக்குகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் அது பிடிக்கவில்லை, அதனால் கெஸலில் சாதாரண ஒற்றை அச்சாக மாற்றினார்கள். இந்த விவரம் எந்தக் கடைப் பலகையிலும் எழுதியிருக்காது. அந்தப் பெரியவர் தலையில் இருக்கிறது. அவருக்குப் பிறகு அது எங்கே இருக்கும்?

கதவு பூட்டு வேலை செய்யவில்லை, சாவியும் இல்லை. அதற்குச் சென்னை போகவேண்டியதில்லை. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல் நமக்குக் கீழேதானே இருக்கிறது! 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய தொழில் அது. ஒரு பூட்டுப் பட்டறையில் கொண்டுபோய் வைத்தேன். "கார் பூட்டெல்லாம் நாங்க தொடுறதில்லீங்களே" என்று முதலில் தயங்கினார். பிரித்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. தேய்ந்துபோன நெம்புகளைப் பித்தளைத் தகட்டில் அரத்தால் ராவி, இரண்டு சாவியோடு கொடுத்தார். ஒரே நாள் வேலை. அவர் கேட்ட கூலியைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் மூன்று மடங்கு கொடுத்தேன், அவர் கோபித்துக்கொண்டு ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தார்.

பின்கதவு ஜன்னல் ஏற்றும் கைப்பிடி கதைதான் பெரிது. என் வண்டியில் இரண்டு பின்கைப்பிடியும் உடைந்து போயிருந்தன. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஹெரால்டு ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். நான்கு கதவு வண்டியேதான். சக்கரம் இல்லை, தரையோடு தரையாகக் கிடந்தது. உள்ளே கோழி முட்டை வைத்திருந்தது. வீட்டம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். விலை கேட்டேன். "அது அவுக வண்டி தம்பி. விக்கிறதுக்கில்ல" என்றார். நான் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. என் அப்பா வண்டியைப் பற்றி மட்டும் சொன்னேன். காபி கொடுத்தார். புறப்படும்போது, "கைப்பிடிய மட்டும் கழட்டிட்டுப் போ. அளவெடுத்துட்டு கொண்டாந்து திருப்பி மாட்டிரணும்" என்றார்.

அந்தக் கைப்பிடியைக் கோயம்புத்தூரில் ஒரு வார்ப்புப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே என் அவசரத்தால் ஒரு பாடம். அச்சுக்கட்டை தனியாகச் செய்யச் செலவாகும் என்று, பழைய கைப்பிடியையே மணலில் பதித்து அலுமினியத்தில் வார்த்துத் தரச் சொன்னேன். பட்டறைக்காரர் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. வந்த கைப்பிடி பார்க்க அச்சு அசலாக இருந்தது. தண்டில் மாட்டினால் ஏறவே இல்லை. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். அலுமினியம் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேலேயே சுருங்கும். அதனால்தான் அச்சுக்கட்டை செய்கிறவர்கள் அந்தச் சுருக்கத்தைக் கூட்டி, கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். பழைய சாமானையே அச்சாக வைத்தால் பிள்ளை தாயைவிடச் சின்னதாகத்தான் பிறக்கும். இரண்டாம் தடவை ஒழுங்காக மரத்தில் கட்டை செய்து, பல் உள்ள துளையை மட்டும் தனியாகக் கடைந்து, நான்கு கைப்பிடி வார்த்தோம். இரண்டு எனக்கு. ஒன்று நிலக்கோட்டை அம்மாவின் வண்டியில் உடைந்திருந்த இன்னொரு கதவுக்கு. ஒன்று கையிருப்பு. இரவல் வாங்கியதையும் நானே போய் மாட்டிக் கொடுத்தேன்.

கண்ணாடியும் இப்படித்தான். ஹெரால்டின் கதவுக் கண்ணாடி தட்டையானது என்பதால் செய்துகொள்ளலாம். அட்டையில் அளவு வெட்டி, கதவில் ஏற்றி இறக்கிப் பார்த்து, பிறகு பிளைவுட்டில் வெட்டிக் கொடுக்கவேண்டும். கண்ணாடியை முதலில் வெட்டி, ஓரம் தேய்த்து, கடைசியில்தான் உலையில் வைத்து உறுதியேற்றுவார்கள். உறுதியேற்றிய கண்ணாடியை அதற்குப்பின் ஒரு நூல்கூட வெட்ட முடியாது, பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அதனால் அட்டை வேலையில் அலுப்புப் பார்க்கக்கூடாது.

இதெல்லாம் செய்யச் செய்ய எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. "நம்மூரில் செய்யமுடியாதது எதுவுமில்லை" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கேதான் சறுக்கினேன்.

பிரேக் சிலிண்டர்களுக்கு ரப்பர் வாசர் மாற்றவேண்டியிருந்தது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் கூரியர் செலவும் சேர்ந்து சாமான் விலையைத் தாண்டும், ஒரு மாதம் காத்திருக்கவும் வேண்டும். கீழே ஒரு கடையில், "அளவு ஒண்ணுதான் சார், தாராளமா போடலாம்" என்று பேர் இல்லாத ஒரு செட்டைக் கொடுத்தார்கள். விலை ஐந்தில் ஒரு பங்கு. வாங்கிப் போட்டேன். நாயுடுபுரத்திலிருந்து ஏரி வரை நாலைந்து நாள் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் பிடித்தது.

2023 தை மாதம், வத்தலக்குண்டில் ஒரு கல்யாணம். நானும் மனைவியும் காலையில் புறப்பட்டோம். பெருமாள்மலை தாண்டி, ஊத்து தாண்டி இறங்கிக்கொண்டிருக்கும்போது பிரேக் மிதி பஞ்சு மாதிரி அமுங்கியது. இரண்டு மூன்று தடவை வேகமாக மிதித்தேன். நாலாம் தடவை மிதி தரையைத் தொட்டுவிட்டது. பழைய வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே குழாய்வழி. ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. மூன்றாவதிலிருந்து இரண்டாவது கியருக்குத் தள்ளி, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கம் ஓரத்து மண்ணில் உரசி நிறுத்தினேன். எதிரே ஒரு சுற்றுலாப் பஸ் வந்து கடந்துபோனது. அரை நிமிஷம் முந்தி வந்திருந்தால் இதை எழுத ஆளிருந்திருக்காது.

மனைவி கத்தவில்லை, அழவில்லை. இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தார். கொஞ்சநேரம் கழித்து, "என்னங்க, கைப்பிடிக்கு மூணு தடவை கோயமுத்தூர் போனீங்க. இதுக்கு ஒரு மாசம் காத்திருக்க முடியலையா?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

சிலிண்டரைப் பிரித்தபோது உள்ளே இருந்த ரப்பர், ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பி, விளிம்பு கிழிந்திருந்தது. ரப்பர் எல்லாம் பார்க்கக் கறுப்புதான். ஆனால் எஞ்சின் ஆயிலைத் தாங்குகிற ரப்பர் வேறு, பிரேக் ஆயிலைத் தாங்குகிற ரப்பர் வேறு. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் உப்பிக் கெட்டுப்போகும். அளவு ஒன்றாக இருந்தால் போதாது, ஜாதியும் ஒன்றாக இருக்கவேண்டும். இதே விஷயம் பெட்ரோல் பம்பிலும் உண்டு. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய பம்பின் ரப்பர் திரையையும் கார்க் வாசரையும் அது அரித்துவிடும். அதைத் தாங்குகிற புதுவகை ரப்பராகப் பார்த்து மாற்றவேண்டும். பழைய முறைப்படியே வைத்திருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் ஒருநாள் எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டும்.

கடைக்காரரைக் குறைசொல்லி என்ன? மலிவைத் தேடிப் போனது நான். தப்பில் முக்கால் பங்கு என்னுடையது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சாமான்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டேன். பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்.

முதல்வகை, கண்ணுக்கான சாமான். கைப்பிடி, பீடிங், கண்ணாடி, எழுத்துப் பட்டை, சீட்டு உறை. இவற்றை நம்மூரிலேயே தாராளமாகச் செய்யலாம். செய்யவும் வேண்டும். பிசகினால் போவது பணம்தான்.

இரண்டாவது, ஓட்டத்துக்கான சாமான். கார்புரேட்டர், பம்பு, ரேடியேட்டர், வால்வு. இவற்றில் மாற்றம் செய்யலாம், ஆனால் ஏன் என்று தெரிந்து செய்யவேண்டும். உதாரணம் சொல்கிறேன். நம் நாட்டில் 2000ஆம் வருடத்தோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. நல்ல காரியம். ஆனால் அந்த ஈயம்தான் பழைய எஞ்சின்களில் வால்வு உட்காரும் இடம் தேயாமல் காத்துவந்தது. அதனால் சிலிண்டர் தலையைக் கடைந்து கெட்டியான வளையம் பதித்துக்கொள்வது புத்திசாலித்தனம். அதேபோல, 7,000 அடி உயரத்தில் காற்று மெலிசு. கீழே சரியாக இருக்கும் கார்புரேட்டர் ஜெட், இங்கே பெட்ரோலை அதிகம் கொட்டிக் கறுப்புப் புகை விடும். மலையிலேயே ஓட்டுவதானால் சின்ன ஜெட் போடலாம். ஆனால் அதே ஜெட்டோடு கீழே இறங்கி நெடுஞ்சாலையில் மிதித்தால் எஞ்சின் சூடாகிவிடும். நான் இரண்டுக்கும் நடுவில் ஒன்று போட்டுக்கொண்டு கொஞ்சம் புகையோடு சமாதானமாகப் போகிறேன்.

இந்த வகையில் இன்னொரு எச்சரிக்கை. ஹெரால்டில் போல்ட் நட்டெல்லாம் அங்குல அளவு. இப்போது கடையில் கிடைப்பது மில்லிமீட்டர் அளவு. கணக்குப் பார்க்காமல் கண்ணளவில் எடுத்தால், அங்குல அளவில் பதினாறில் ஐந்து பங்கு உள்ள போல்டும் எட்டு மில்லிமீட்டர் போல்டும் ஒன்றுபோலவே தெரியும். தடிமனில் வித்தியாசம் மயிரிழைதான். ஆனால் மரை நெருக்கம் வேறு. இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "ஆஹா, நல்லா டைட்டா பிடிச்சிருச்சு" என்று நினைப்போம். உண்மையில் மரையைத் தின்றுகொண்டிருக்கிறது.

மூன்றாவது, உயிருக்கான சாமான். பிரேக், ஸ்டீயரிங், முன்சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள். இதில் கைவேலையும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது. தெரிந்த தயாரிப்பாளரின் சாமான் கிடைக்கும்வரை வண்டி கொட்டகையில் நிற்கட்டும்.

இதைப் பிரேக் போவதற்கு முன்பே ஒருவர் எனக்குச் சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை. ஹெரால்டின் முன்சக்கரத்தின் கீழ்முனை, மரை வெட்டிய ஒரு வெண்கலக் கட்டையில் திருகி நிற்கிறது. டிரன்னியன் என்பார்கள். ஸ்டீயரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சக்கரம் திரும்புகிறது. அதற்குக் கிரீஸ் அடிக்கக்கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் விடவேண்டும். கிரீஸ் உள்ளே போய் இறுகிக்கொண்டால் தண்ணீர் தங்கித் துரு பிடிக்கும், ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். நம்மூரில் எத்தனையோ ஹெரால்டு இப்படிச் சக்கரம் சாய்ந்து கெட்டபெயர் வாங்கியது. வண்டி மேல் தப்பில்லை, கிரீஸ் துப்பாக்கி மேல்தான் தப்பு. அந்தக் கட்டை தேய்ந்துபோய், வத்தலக்குண்டில் ஒரு லேத்துக்காரரிடம் கொண்டுபோனேன். நாற்பது வருடம் லேத்தில் நின்றவர். கையில் உருட்டிப் பார்த்தார். இடதுக்கும் வலதுக்கும் மரை திசை வேறு என்பதை நான் சொல்லாமலே கண்டுபிடித்தார். பிறகு சொன்னார்: "சார், இதை நான் கடைஞ்சு தந்துருவேன். ஷோவுக்கு நிறுத்துறதுன்னா இன்னிக்கே தாரேன். நீங்க இதுல உக்காந்து மலை இறங்குறதுன்னா தரமாட்டேன். என்ன உலோகம்னு எனக்குத் தெரியாது."

செய்யத் தெரிந்தவர் நிறையப் பேர். எதைச் செய்யமாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவர்தான் உண்மையான தொழிலாளி. நான் டிரன்னியனை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். அதோடு பிரேக் செட்டையும் சேர்த்து வரவழைத்திருந்தால் கூரியர் செலவு ஒன்றாகவே முடிந்திருக்கும். புத்தி பின்னால்தான் வருகிறது.

இப்போது என் வண்டியில் முன்சக்கரத்துக்குத் தனி, பின்சக்கரத்துக்குத் தனி என்று இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும். 1969இல் இது கிடையாது. சில நண்பர்களுக்கு இதில் வருத்தம். "ஒரிஜினல் போச்சே" என்கிறார்கள். ஆலையில் எப்படி வந்ததோ அப்படியே வைத்திருப்பதுதான் மரியாதை என்பது அவர்கள் கட்சி. அதை நான் மதிக்கிறேன். கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே வண்டிகள் அப்படித்தான் இருக்கவேண்டும். ஒரு திருகுகூட மாறக்கூடாது, ஏனென்றால் அவை சரித்திரச் சான்று. ஆனால் அந்த நாயுடு யார்? 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் தானே ஓட்டியவர். நம் மலையடிவாரத்துப் பாதையில் தொழிலைத் தொடங்கியவர். வண்டியை ஓட்டிச் சம்பாதித்தவர், பிரித்துப் பார்த்து மாற்றிச் செய்தவர். அவரைக் கேட்டால் இரட்டைப் பிரேக் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்?

சட்டமும் இந்த விஷயத்தில் ஒரு கட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்கவேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர். நல்ல ஏற்பாடுதான், பழைய வண்டிகள் காயலான் கடைக்குப் போகாமல் காப்பாற்றும். ஆனால் அந்த நம்பர் வாங்கினால் வண்டியை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போட என்று சில காரியங்களுக்கு மட்டும்தான்.

நான் அந்த நம்பருக்கு விண்ணப்பிக்கவில்லை. சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்திருக்கிறேன். அது ஒன்றும் மலிவல்ல. 2022 ஏப்ரலில் 15 வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதற்குப் பிறகும் ஏற்றியிருக்கிறார்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். போகட்டும். வருடத்துக்கு ஒருமுறை மாலை போட்டு நிறுத்துவதற்காக நான் இதை எடுத்துக் கட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போக, பேரப்பிள்ளைகள் வந்தால் ஏரியைச் சுற்ற, எப்போதாவது பழனி அடிவாரம் போய்வர ஒரு வண்டி. அதற்கு அது பத்திரமாக ஓடவேண்டும். பத்திரமாக ஓடுவதற்காகக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நாலு சாமான் புதிதாக இருந்தால் அப்பா கோபித்துக்கொள்ளமாட்டார்.

புகை விடுகிற பழைய வண்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேள்வி நியாயமானது. தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுவதற்கு இந்த வண்டியை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். மாதத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். ஆனால் இந்த ஒரு வண்டியால் பூட்டுக்காரர், வார்ப்புக்காரர், லேத்துக்காரர், புதுப்பேட்டைப் பெரியவர் என்று நாலு பேருடைய கைவேலைக்கு மதிப்புக் கிடைத்தது. பழைய வண்டிகள் அத்தனையும் நசுங்கிப் போனால் இந்த வித்தைகளுக்கும் வேலை இருக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மரத்தில் செய்த அந்தக் கைப்பிடிக் கட்டையையும், கண்ணாடிக்கு வெட்டிய பிளைவுட்டையும், பூட்டு நெம்புகளின் அளவையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான்கு கதவு ஹெரால்டு வைத்திருப்பவர் யார் வந்து கேட்டாலும் இரவல் தருவேன், காசு வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணிலோ கொட்டகையிலோ பழைய கார்ச் சாமான் ஏதாவது கிடந்தால், உடைந்ததாக இருந்தாலும், எடைக்குப் போடுவதற்குமுன் ஒரு தடவை யோசியுங்கள். உடைந்த சாமானிலும் அளவு இருக்கிறது. நிலக்கோட்டை அம்மா அந்தக் கைப்பிடியைத் தரவில்லையென்றால் என் பின்கதவு ஜன்னல் இன்றும் அட்டையால்தான் மூடியிருக்கும்.

பிரேக் வேலை முடிந்து ஆறு மாதம் நான் தனியாகத்தான் ஓட்டினேன். ஒருநாள் மனைவி தானாகவே வந்து ஏறினார், முன்சீட்டில் இல்லை, பின்சீட்டில். வெள்ளி அருவிக்கு நேரே வரும்போது சாரல் உள்ளே அடித்தது. அவர் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் இரண்டாவது கியரிலேயே இறங்கிக்கொண்டிருந்தேன்.